அடுப்பங்கரையும் ஆய்வுக்கூடமும்

கேட்டறிவது ஒருவகைக் கல்வி. செய்தறிவது மற்றொருவகைக் கல்வி. இவ்விரண்டனுள் முந்தியது எது என்று வினவினால், செய்தறிவதே என்பதில் ஐயமில்லை. எழுத்துத் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதன் தானியத்தை அரைத்து, நீர்விட்டுப் பிசைந்து, நெருப்பில் சுட்டு உண்ணக் கற்றிருந்தான். யோர்தான் நாட்டின் வடகிழக்கில் சுபைக்கா என்னுமிடத்தில், ஏறத்தாழ 14,400 ஆண்டுகளுக்கு முற்பட்ட ரொட்டியின் கரிந்த துணுக்குகள் கிடைத்தமையை 2018-இல் வெளியான ஆய்வொன்று உலகிற்கு அறிவித்தது. பயிர்த்தொழில் தோன்றுவதற்கும் முந்தியது அந்த ரொட்டி.

இத்துணைப் பழைமையான கைத்தொழில், இன்று சில குடும்பங்களில் சிறுவர்க்கு அறிவியல் கற்பிக்கும் கருவியாக அமைந்திருக்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் பெற்றோரே வீட்டில் வைத்துக் கற்பிக்கும் முறையை இல்லக்கல்வி எனலாம். அம்முறையைக் கைக்கொண்ட வீடுகள் பலவற்றில், சிறப்பாக அமெரிக்க நாட்டில், ரொட்டி சுடுதலும் பாடங்களுள் ஒன்றாக இடம்பெறுவதுண்டு.

ரொட்டி சுடுவது சமையல். அஃது எங்ஙனம் அறிவியலாகும் என்று கேட்போர் உளர். இக்கேள்வியை எளிதில் தள்ளிவிடுதல் இயலாது. பள்ளி செல்லும் பிள்ளைக்கு வீட்டுப் பாடம் தவறினாலும், பள்ளியின் ஆய்வுக்கூடம் கைகொடுக்கும். இல்லக்கல்வி பெறும் பிள்ளைக்கோ பல வேளைகளில் அடுப்பங்கரையே ஆய்வுக்கூடம். அங்கே நடப்பது வெறும் சமையலாக முடிந்துவிடின், அப்பிள்ளை அறிவியலையே இழக்க நேரும். ஆதலின், சமையல் எந்த இடத்தில் அறிவியலாக மாறுகிறது என்பதை வரையறுத்து அறிதல் இன்றியமையாதது.

இல்லக்கல்வியும் நாடுகளும்

அமெரிக்காவில் இல்லக்கல்வி இயக்கமாக உருப்பெற்றது 1970-களில் ஆகும். ஜான் ஹோல்ட் என்னும் கல்வியாளர், பள்ளிக்கூடம் பிள்ளையின் இயல்பான அறிவுவேட்கையை மழுங்கச் செய்கிறது என்று வாதிட்டார். 1977-இல் இதற்கெனவே ஓர் இதழைத் தொடங்கினார். சமயப் பற்றின் காரணமாக இம்முறையை நாடிய குடும்பங்களும் பெருகின. 1993-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் இல்லக்கல்வி சட்டத்தின் ஒப்புதலைப் பெற்றது. 1999-இல் ஏறத்தாழ 8 இலட்சத்து 50 ஆயிரமாக மதிப்பிடப்பட்ட இல்லக்கல்வி மாணாக்கர் தொகை, 2016-இல் ஏறத்தாழ 17 இலட்சமாக உயர்ந்தது.

எல்லா நாடுகளும் இதனை ஒருபடித்தாக நோக்கவில்லை. செருமனியில் பிள்ளை பள்ளிக்குச் சென்றே தீர வேண்டும். அந்நாட்டுப் பெற்றோர் சிலர் தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006-இல் அரசின் பக்கமே நின்றது. பிள்ளையின் கல்வியுரிமை பெற்றோரின் விருப்பத்திற்கு மேற்பட்டது என்பது அங்குள்ள கொள்கை. சிங்கப்பூர் இடைவழி ஒன்றை மேற்கொண்டது. 2000-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 2003-இல் நடைமுறைக்கு வந்தபொழுது, இல்லக்கல்வியை விரும்பும் பெற்றோர் அரசிடம் விலக்குப் பெறல் வேண்டும் என்றும், அப்பிள்ளைகளும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதிக் குறித்த தரத்தை எட்டல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. அத்தேர்வின் பாடங்களுள் அறிவியலும் ஒன்று, தாய்மொழியும் ஒன்று.

2020-இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைபட்டபொழுது, இல்லக்கல்வியை எண்ணியும் பாராத பெற்றோரும் சிலகாலம் வீட்டிலேயே ஆசிரியராயினர். அவ்வேளையில் பல நாடுகளில் ரொட்டி சுடும் ஆர்வம் மிகுந்து, கடைகளில் மாவும் ஈஸ்டும் கிடைத்தற்கு அரியவாயின. அடுப்பங்கரைக் கல்வி ஒரு சிலரின் புதுமை என்ற நிலை மாறி, பொதுமக்கள் சிந்திக்க வேண்டிய பொருளாயிற்று.

சிகாகோவில் ஒரு முன்மாதிரி

சமையலை அறிவியற் பாடமாக்கும் எண்ணம் புதியதன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1873-இல் பட்டம் பெற்ற முதற் பெண்மணியான எல்லன் ரிச்சர்ட்ஸ் அம்மையார், உணவின் வேதியியலைப் பொதுமக்களுக்கு விளக்குவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1893-இல் நடந்த சிகாகோ உலகக் கண்காட்சியில், உணவுகளின் சத்தளவை எழுதிக் காட்டிய சமையற்கூடம் ஒன்றை அவர் நடத்தினார்.

மூன்றாண்டு கழித்து, 1896-இல், அதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஜான் டூயி என்னும் மெய்யியலறிஞர் சோதனைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அங்கே சமையலும் நெசவும் தச்சும் பாடங்களின் நடுவிடத்தைப் பெற்றன. அப்பள்ளியில் நிகழ்ந்த ஒன்றை, 1899-இல் வெளிவந்த தம் நூலில் டூயி குறித்துள்ளார். முட்டையின் வெண்கரு வெவ்வேறு சூட்டில் எவ்வாறு மாறுகிறது என்று பிள்ளைகள் சோதித்துக்கொண்டிருந்தனர். ஒரு பிள்ளைக்குச் சலிப்புத் தட்டியது. சமையற் குறிப்பைப் பார்த்துச் செய்துவிட்டால் என்ன என்று கேட்டது. ஆசிரியை அவ்வினாவை வகுப்பின் முன்னரே வைத்தார். குறிப்பைப் பின்பற்றினால் உணவு கிடைக்கும், ஆயின் செய்வதன் காரணம் விளங்காது என்ற முடிவிற்குப் பிள்ளைகளே வந்தனர்.

அடுப்பங்கரை அறிவியலின் அடிப்படை இந்நிகழ்ச்சியில் அடங்கியிருக்கிறது. சமையற் குறிப்பு, ‘எப்படிச் செய்வது?’ என்பதற்கு விடை கூறுகிறது. அறிவியல், ‘ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? மாற்றிச் செய்தால் என்ன ஆகும்?’ என்று கேட்கிறது.

மாவுக்குள் மறைந்திருப்பது

நூறு கிராம் கோதுமை மாவில் அறுபது கிராம் நீர் விட்டுப் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைத்தல் வேண்டும். பின்னர் ஒரு பாத்திரத்து நீரில் அவ்வுருண்டையை மெல்லப் பிசைந்து கழுவினால், நீர் பால்போல் வெளுக்கிறது. நீரை மாற்றி மாற்றிக் கழுவியபின், இரப்பர்போல் இழுபடும் சாம்பல்நிறப் பொருளொன்று கையில் எஞ்சுகிறது. வெளுத்த நீரைத் தெளியவைத்து, அடியில் தங்கும் வண்டலில் ஒருதுளி அயோடின் விட்டால், அது கருநீலமாகிறது. ஆதலின் கழுவுண்டது மாச்சத்து. கையில் எஞ்சியது குளூட்டன் என்னும் புரதம். இத்தாலி நாட்டுப் போலோஞா நகரில் பெக்காரி என்னும் அறிஞர் குளூட்டனை முதன்முதல் பிரித்துக் காட்டியதும் இதே முறையால்தான். அவர் கண்டதை 1728-இல் எடுத்துரைத்தார். 1745-இல் அஃது அச்சேறியது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஆராய்ச்சி ஒன்றைப் பத்து வயதுச் சிறுவன் தன் கையால் மீண்டும் செய்து பார்க்கலாம்.

அரிசி மாவையும் அவ்வாறே பிசைந்து கழுவினால், எல்லாம் நீரோடு போய்விடும். கையில் ஒன்றும் எஞ்சாது. கோதுமை ரொட்டி பொங்குவதும், அரிசி மாவை மட்டும் கொண்டு அத்தகைய ரொட்டி செய்ய இயலாமையும் இதனால் விளங்கும். குளூட்டன் வலைபோல் அமைந்து, உள்ளே எழும் வாயுவைக் குமிழி குமிழியாகப் பிடித்துவைக்கிறது. அரிசியில் அவ்வலை இல்லை.

கூர்மதியுடைய தமிழ்ப் பிள்ளை இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பக்கூடும்: அரிசிமாவால் ஆன இட்டலி பொங்குகிறதே! தடை நன்று. இட்டலி மாவில் அரிசியோடு உளுந்தும் உண்டு. அரைத்த உளுந்தின் கொழகொழப்பு, குளூட்டனின் வேலையைச் செய்து வாயுவைத் தாங்குகிறது. விதியை மீறுவதுபோல் தோன்றிய ஒன்று, விதியையே மேலும் தெளிவாக்குகிறது. இத்தகைய தடைகளை வரவேற்கும் வீட்டிலேதான் அறிவியல் வளரும்.

நான்கு குப்பிகள்

மாவைப் பொங்கச் செய்யும் வாயு எங்கிருந்து வருகிறது? ஒரே அளவுள்ள நான்கு குப்பிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் 35 பாகை செல்சியஸ் சூடுள்ள நூறு மில்லிலிட்டர் நீரும் ஒரு தேக்கரண்டி ஈஸ்டும் இடுதல் வேண்டும். முதற் குப்பியில் சர்க்கரை இல்லை. இரண்டாவதில் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. மூன்றாவதில் பத்துத் தேக்கரண்டி. நான்காவதிலும் ஒரு தேக்கரண்டியே. ஆயின் அதிலிடும் ஈஸ்டை முன்னரே கொதிநீரில் இட்டு ஆறவைத்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு குப்பியின் வாயிலும் ஒரு பலூனை மாட்டிவிட்டு, என்ன நிகழும் என்பதைப் பிள்ளை முன்கூட்டியே தன் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும். இது மிக முதன்மையானது. முன்னர் எழுதாத பிள்ளை, விளைவைக் கண்டபின், ‘நான் நினைத்ததும் இதுவே’ என்று சொல்லிவிடும். தன் எண்ணம் எங்கே பிழைத்தது என்பதை அறியாமலே போகும்.

ஒருமணி நேரம் கழித்துப் பார்த்தால், இரண்டாம் பலூன் நன்கு உப்பியிருக்கும். முதலாவது ஏறக்குறைய சோர்ந்தே கிடக்கும். நான்காவதில் மாற்றமே இராது. சர்க்கரை மிகுந்தால் வாயுவும் மிகும் என்றே பெரும்பாலான பிள்ளைகள் எதிர்பார்ப்பர். மூன்றாவதோ இரண்டாவதினும் பின்தங்கி நிற்கும். செறிந்த சர்க்கரைக் கரைசல் ஈஸ்டின் உடலிலிருந்து நீரை வெளியே ஈர்த்துவிடுவதே இதற்குக் காரணம். சர்க்கரைப் பாகிலிட்ட பழம் நெடுநாள் கெடாதிருப்பதும் இக்காரணத்தாலேயே ஆம். எதிர்பார்ப்புப் பொய்த்த இடத்தில் இரண்டு உண்மைகள் ஒருங்கே விளங்கிவிடுகின்றன.

அந்த வாயு யாது என்பதையும் வீட்டிலேயே அறியலாம். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்த நீரில், குப்பியிலிருந்து குழாய் வழியே வாயுவைச் செலுத்தினால், தெளிந்த நீர் பால்நிறமாகும். அது கரியமிலவாயுவின் அடையாளம். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் புண்படுத்தக் கூடியதாதலின், இதனைப் பெரியவரே செய்துகாட்டுதல் வேண்டும்.

ஒரு வழக்கும் அதன் தீர்ப்பும்

நான்காம் குப்பி ஏன் அடங்கிக் கிடந்தது? கொதிநீரில் ஏதோ ஒன்று அழிந்துவிட்டது. அவ்வாறாயின் ஈஸ்ட் உயிருள்ளதா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பேரறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடிய கேள்வி இது. 1837-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பிரான்சில் காஞார் தெ லத்தூரும் செருமனியில் சுவானும் ஈஸ்ட் ஓர் உயிரே என்று தனித்தனியே கூறினர். வேதியியலில் பெரும்புகழ் பெற்றிருந்த லீபிக், நொதித்தல் என்பது உயிரின் செயலன்று, பொருள் சிதைவதால் நேரும் வேதியியல் மாற்றமே என்றார். ஈஸ்டை உயிர் என்றவர்களை எள்ளிநகையாடும் கட்டுரையொன்றும் 1839-இல் அவருடைய இதழிலேயே வெளிவந்தது.

1857 முதல் பாஸ்டர் நிகழ்த்திய ஆராய்ச்சிகள், நொதித்தல் நுண்ணுயிர்களின் வாழ்க்கையோடு பிணைந்தது என்பதை நிலைநாட்டின. லீபிக் தோற்றார் என்று உலகம் எண்ணியது. ஆயின் 1897-இல் எடுவர்ட் புக்னர், ஈஸ்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்த சாறு, உயிரணு ஒன்றும் இல்லாத நிலையிலும் சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டார். உயிரணு தன்னுள் ஆக்கிவைக்கும் நொதிகளே அவ்வேலையைச் செய்கின்றன. இதற்காக 1907-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. உயிரின்றி நொதிகள் தோன்றா என்பதில் பாஸ்டரின் பக்கம் உண்மை இருந்தது. நொதித்தல் வேதியியல் மாற்றமே என்பதில் லீபிக்கின் பக்கமும் உண்மை இருந்தது. புகழோ பதவியோ அறிவியலில் தீர்ப்புச் சொல்வதில்லை, சோதனையே சொல்லும். குப்பிகளைத் தானே நிறுத்திப் பார்த்த பிள்ளைக்கு, இவ்வரலாறு மனப்பாடப் பகுதியாகத் தோன்றாது. தான் கேட்ட கேள்வியின் தொடர்ச்சியாகவே தோன்றும்.

தராசு கூறும் பாடம்

சமையலில் கைதேர்ந்தோர் அளவு பார்ப்பதில்லை, ‘பதம்’ பார்ப்பர். பதம் என்னும் சொல் பல்லாண்டுப் பழக்கத்தால் கையும் கண்ணும் பெற்ற அறிவைக் குறிக்கும். அவ்வறிவு உயர்ந்ததே, ஆயினும் பிறரிடம் ஒப்படைத்தற்கு அரியது. பதத்தை எண்ணாக மாற்றும்பொழுது, அது யாவர்க்கும் பொதுவாகிறது.

ரொட்டித் தொழிலாளர் மாவின் எடையை நூறு எனக் கொண்டு, ஏனைய பொருள்களை அதன் விழுக்காடாகக் கூறுவர். மாவு 500 கிராம் எனின், நீர் 65 விழுக்காடாகிய 325 கிராம். உப்பு 2 விழுக்காடாகிய 10 கிராம். உலர்ந்த ஈஸ்ட் 1 விழுக்காடாகிய 5 கிராம். ஆகமொத்தம் 840 கிராம். சுட்டு ஆறியபின் நிறுத்தால், எடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அந்த எடை எங்கே போயிற்று? பெரும்பகுதி நீராவியாக வெளியேறியது. பொருள் அழிவதில்லை, இடமும் வடிவும் மாறுகிறது என்னும் பெருவிதி இங்கே தராசின் முள்ளில் தெரிகிறது.

பிசைந்த மாவில் சிறிதளவை நேரான கண்ணாடிக் குவளையிலிட்டு, வெளியே ஒரு தாள்துண்டை ஒட்டி, கால்மணிக்கு ஒருமுறை அதன் உயரத்தைக் குறித்து வந்தால், வரைபடம் ஒன்று கிடைக்கும். முதலில் மெல்ல எழுந்து, பின் விரைந்து, இறுதியில் ஓய்ந்து தாழும் அக்கோடு, விகிதமும் வரைபடமும் எதற்காகத் தோன்றின என்பதைச் சிறுவர்க்கு விளக்கிவிடும்.

அடுப்பினுள் நிகழ்வதும் சிந்தனைக்குரியது. அடுப்பின் சூடு 200 பாகைக்கு மேற்பட்டிருந்தும், ரொட்டியின் உட்புறம் வெண்மையாகவே இருப்பது ஏன்? உள்ளே நீர் உள்ளவரை அதன் சூடு 100 பாகையைத் தாண்டுவதில்லை. மேற்புறமோ உலர்ந்து, சூடு மிக ஏறி, புரதமும் சர்க்கரையும் கூடிப் பொன்னிறமும் நறுமணமும் கொள்கின்றன. இம்மாற்றத்தை 1912-இல் விளக்கியவர் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர்.

எழாத ரொட்டி

எல்லா நாளும் ரொட்டி பொங்கி எழுவதில்லை. செங்கல்போல் இறுகிய ஒன்று அடுப்பிலிருந்து வெளிவரும் நாளும் உண்டு. அந்நாளே இல்லக்கல்வியின் உண்மையான தேர்வு நாள். ‘போகட்டும், நாளை வேறு ஈஸ்ட் வாங்கிச் செய்வோம்’ என்று முடித்துவிட்டால், அது சமையல். ஈஸ்ட் பழையதா, நீர் மிகச் சூடாயிருந்ததா, உப்பு மிகுந்ததா, பொங்குவதற்குப் போதிய நேரம் விடவில்லையா என்று காரணங்களை வரிசைப்படுத்தி, மற்றவற்றை மாற்றாமல் ஒவ்வொன்றாகச் சோதித்தால், அஃது அறிவியல். இரண்டை ஒருசேர மாற்றியவர்க்கு ரொட்டி எழுந்தாலும், அதனை எழச் செய்தது எது என்பது தெரியாது.

ஒருமுறை கண்டதைக்கொண்டு முடிவுகட்டுதலும் பிழை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. ஒரே பானையில், ஒரே தீயில் வெந்த சோற்றுக்கு அது பொருந்தும். வெவ்வேறு நாளில், வெவ்வேறு மாவில் செய்த ரொட்டிகளுக்குப் பொருந்தாது. ஆதலின், செய்ததையே மீண்டும் செய்து ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

குறைகளும் காவலும்

இம்முறையின் குறைகளை மறைத்தல் கூடாது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். காரணம் அறியாத பெற்றோர், விந்தை காட்டுவதையே பாடமெனக் கருதிவிடக் கூடும். சமையல் சோடாவில் காடியை ஊற்றிப் பொங்கச் செய்வது பார்க்க இனிது. ஆயின் அந்தப் பொங்கல் உயிரற்ற பொருள்களின் வினை, ரொட்டி மாவின் பொங்கல் உயிரின் வினை என்று வேறுபடுத்திக் காட்டாவிடின், அது வேடிக்கையாகவே முடியும்.

வகுப்பிலே முப்பது பிள்ளைகள் இருந்தால், முப்பது கணிப்புகள் எழும். ஒருவர் முடிவை மற்றவர் மறுப்பர். வீட்டிலோ தாயின் சொல்லே முடிந்த முடிவாகிவிடும் இடர் உண்டு. அறியாததை அறியாதது என்று ஒப்புக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து தேடும் பெற்றோரே இவ்விடரைத் தவிர்க்க வல்லவர். அடுப்பங்கரை பெண்மக்களுக்கே உரியது என்னும் பழைய வழக்கமும் இங்கே தலைகாட்டல் ஆகாது. மாவைப் பிசைவதும், நிறுப்பதும், எழுதுவதும், பாத்திரம் கழுவுவதும் மகனுக்கும் மகளுக்கும் பொதுவாதல் வேண்டும்.

உடல்நலக் காவலும் தேவை. பச்சை மாவைச் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் தீங்கானது. 2016-இல் அமெரிக்காவில் கோதுமை மாவின் வழியே ஈ.கோலை கிருமி பரவிப் பலர் நோயுற்றனர். மேலும், ரொட்டி அறிவியல் முழுவதையும் கற்பித்துவிடாது. மின்சாரமும், ஒளியும், விண்மீன்களும் அடுப்பங்கரைக்கு அப்பால் உள்ளன. கேள்வி கேட்கும் முறையைக் கற்பிப்பதே ரொட்டியின் தொழில்.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மாவு ‘புளித்தது’ என்றும் ‘பொங்கியது’ என்றும் வீட்டில் வழங்குகிறோம். இரண்டையும் ஒன்றெனவே கருதுவாரும் உளர். புளிப்பு, நுண்ணுயிர்கள் ஆக்கும் அமிலத்தால் வருவது. பொங்குதல், வாயுவால் வருவது. கடையில் வாங்கிய ஈஸ்டிட்ட ரொட்டி பொங்கும், அவ்வளவாகப் புளிக்காது. இட்டலி மாவு பொங்கவும் செய்யும், புளிக்கவும் செய்யும். அதற்கு முதற்காரணம் ஈஸ்ட் அன்று, லியூகோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் என்பதை 1965-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. சான் பிரான்சிஸ்கோ நகரின் புளித்த மா ரொட்டியிலோ ஈஸ்டும் நுண்ணுயிரும் ஒருங்கு வாழ்கின்றன. மாவிலுள்ள மால்டோஸ் என்னும் சர்க்கரையை நுண்ணுயிர் கொள்கிறது. அதனை உண்ணமாட்டாத ஈஸ்ட் மற்றச் சர்க்கரைகளை உண்கிறது. போட்டியின்றி இரண்டும் பிழைப்பதை 1970-ஐ ஒட்டி நடந்த ஆராய்ச்சிகள் புலப்படுத்தின.

புளித்தல், பொங்குதல், நொதித்தல், உப்புதல், பதம் என்னும் சொற்கள் தமிழ்ப் பிள்ளையின் நாவில் முன்னரே உள்ளவை. அவற்றின் பொருளெல்லையைக் கண்ணால் கண்டு, கையால் அளந்து, தன் மொழியில் நான்கு வரி எழுதும் பிள்ளை, அறிவியலையும் மொழியையும் ஒருசேரக் கற்கிறது. இதற்குப் பள்ளியை விட்டு விலக வேண்டுவதில்லை. வீட்டில் ஒரு தராசும், ஒரு வெப்பமானியும், ஓர் ஏடும், ‘ஏன்?’ என்ற வினாவைக் கேட்டுச் சலிக்காத பெரியவர் ஒருவரும் இருந்தால் போதும். வீடும் பள்ளியும் ஒன்றையொன்று பழித்துக் கொள்வதால் பிள்ளைக்குப் பயனில்லை. வீட்டில் எழுந்த வினா வகுப்பிற்குச் செல்லுதலும், வகுப்பில் கேட்ட விடை வீட்டில் சோதனைக்கு உள்ளாதலும் நிகழ்ந்தால், பிள்ளையின் அறிவு இரு கரைக்கு நடுவே ஓடும் ஆறுபோல் நேர்பட வளரும்.